பதிவேடும் பதிவும்: ஐதராபாத்தில் திருநங்கையர் மீதான வன்முறை ஆவணப்பட்ட வரலாறு

ஐதராபாத் நகரின் கிழக்குக் கோடியில், வாரங்கல் நெடுஞ்சாலை நகரைவிட்டு வெளியேறும் இடத்தில் அமைந்துள்ளது உப்பல். 1919ஆம் ஆண்டில் இது நகரெல்லைக்கு வெளியே இருந்த ஓர் ஊர். 2007இல்தான் இதன் நகராட்சி பெருநகர ஐதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2017 நவம்பரில் மெட்ரோ தொடர்வண்டியும் இதைத் தொட்டுச் செல்லலாயிற்று. 1919ஆம் ஆண்டை இங்குச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டில், பசலி 1329 என்னும் கணக்கில், நிஜாம் அரசு ஒரு சட்டத்தை இயற்றியது. ‘ஐதராபாத் நகரில்’ அல்லது அரசு அறிவிக்கும் பிற இடங்களில் வாழும் ‘யூனக்’குகளின் பெயர்களையும் இருப்பிடங்களையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கட்டளை. சட்டத்தில் ‘நகரம்’ என்ற சொல் நின்ற இடத்திலேயே நின்றது. நகரமோ உப்பலையும் கடந்து வளர்ந்தது. அச்சொல் எந்த நாளின் எல்லையைக் குறிக்கும் என்னும் வினா மொழிபெயர்ப்பாளர்களுக்குப் புதியதன்று. ஆனால் இச்சட்டத்தில் அதைவிட ஆழமான மொழிச் சிக்கல்கள் பல உள்ளன.

விளிம்புநிலை மக்கள் மீது நிகழும் ஒடுக்குமுறையை ஆவணப்படுத்தினால் அரசின் கொள்கை திருந்தும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஐதராபாத்தின் வரலாற்றை நோக்கினால் இக்கருத்துக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்பது தெரியவரும். யாரை, எந்தச் சொல்லால், எந்த மொழியில் ஆவணப்படுத்துவது? 1919ஆம் ஆண்டின் பதிவேடும் ஓர் ஆவணமே. கொள்கைக்கு வழிகாட்டவே அதுவும் உருவாயிற்று.

பதிவேட்டின் தோற்றம்

நிஜாம் அரசின் சட்டம் தானாக முளைத்ததன்று. பிரித்தானிய இந்தியாவின் 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதியே அதன் முன்மாதிரி. அச்சட்டத்தின் முழுத் தலைப்பிலேயே குற்றப் பரம்பரையினரோடு ‘யூனக்’குகளும் இடம்பெற்றிருந்தனர். 1897ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் அவர்கள் சேர்க்கப்பட்டனர் என்று பலரும் எழுதிவருவது பிழை. 1871ஆம் ஆண்டின் மூலச் சட்டத்திலேயே அப்பகுதி உள்ளது. வடமேற்கு மாகாணங்களில் அது நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தை ஜெசிக்கா ஹிஞ்சி 2019இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பதிவேட்டில் பெயர் ஏறியவர் தம் சொத்து விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். உயில் எழுதவோ, கொடை அளிக்கவோ, மகவு ஏற்கவோ, காப்பாளராக இருக்கவோ அவருக்கு உரிமை இல்லை. 1911இல் குற்றப் பரம்பரையினர் சட்டம் புதுக்கப்பட்டபோது இப்பகுதி கைவிடப்பட்டது. பிரித்தானிய ஆட்சி கைவிட்டதை எட்டாண்டுகள் கழித்து ஐதராபாத் எடுத்துக்கொண்டது வியப்புக்குரியது.

ஐதராபாத் சட்டத்தின் வாசகம் மொழியியலார் உற்று நோக்கத்தக்கது. ‘யூனக்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தின் கருத்து இது: ஆண்பாலினராய் இருந்து, தாம் ஆண்மையற்றவர் என ஒப்புக்கொள்வோரும், மருத்துவ ஆய்வில் அவ்வாறு தெளிவாகத் தோன்றுவோரும் இதில் அடங்குவர். ஹிஜ்ரா என்று தம்மை அழைத்துக்கொள்ளும் சமூகத்தின் குரு–சேலா உறவோ, ஜமாத் அமைப்போ, பெண்ணாக வாழும் உணர்வோ இவ்விளக்கத்தில் இல்லை. ஒரு வாழ்க்கை முறையைக் குறித்த சொல் உடற்குறையைக் குறிக்கும் சொல்லால் பெயர்க்கப்பட்டுவிட்டது. சிறுவரைக் கடத்துவதாகவும் ஆண்மை நீக்கம் செய்வதாகவும் ‘இயற்கைக்கு மாறான’ குற்றங்கள் புரிவதாகவும் தக்க ஐயத்துக்கு உள்ளானவர்களே பதிவேட்டுக்கு உரியோர். ஐயமே போதும், மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்றவர் பெண்ணுடையிலோ அணிகலனோடோ தெருவில் காணப்பட்டால், அல்லது பொதுவிடத்தில் ஆடினால், இசைத்தால், பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். இரண்டாண்டுச் சிறையும் விதிக்கலாம். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதும் குற்றம். தம் குடும்பத்தால் துரத்தப்பட்ட இளையவரைக் குரு ஒருவர் சேலாவாக ஏற்பது இச்சட்டத்தின் கண்ணுக்குக் கடத்தலாகவே தெரிந்தது.

இப்பதிவேடுகளின் அறிவுத்தரம் எத்தகையது என்பதை 1884ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு காட்டும். மொராதாபாத் பகுதியைச் சேர்ந்த கைராத்தி காவல்துறையின் கண்காணிப்பில் இருந்தவர். பெண்ணுடையில் பாடிக்கொண்டிருந்தபோது பிடிக்கப்பட்டு, மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் நிகழ்ந்த காலம், இடம், தொடர்புடைய மற்றவர் ஆகிய எதுவும் குற்றச்சாட்டில் இல்லை என்பதே காரணம். ஓர் ஆளைப் பற்றி அவ்வளவு எழுதி வைத்த ஆவணத்தில் ஒரு நிகழ்ச்சிகூட இல்லை.

அடுத்த நூற்றாண்டில் எழுந்த மாற்று ஆவணங்களை இதனோடு ஒப்பிட வேண்டும். அரசின் பதிவேடு பெயர்ச்சொற்களால் ஆனது. பெயர், இருப்பிடம், வகை. பாதிக்கப்பட்டோர் தரப்பில் உருவான பதிவோ வினைச்சொற்களால் ஆனது; யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், என்ன சொன்னார்.

பதிவு திசை மாறியது

இந்தியாவில் இத்தகைய பதிவு முறையாக உருப்பெற்றது பெங்களூரில். மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கருநாடகக் கிளை 2001இல் பாலியல் சிறுபான்மையினர் மீதான மனித உரிமை மீறல்கள் குறித்து ஓர் அறிக்கையையும், 2003இல் பெங்களூரின் கோத்தி, ஹிஜ்ரா பாலியல் தொழிலாளர்களை முதன்மையாகக் கொண்டு மற்றோர் அறிக்கையையும் வெளியிட்டது. இரண்டாவது அறிக்கை தன் தலைப்பிலேயே அச்சமூகத்தின் உட்சொற்களைப் பயன்படுத்தியது. இது சிறு செய்தியன்று. ‘யூனக்’ என்ற சொல்லில் அடங்காத உள்வேறுபாடுகள் அச்சொற்களில் அடங்கின. காவல் நிலையம், வீடு, பொதுவிடம் என வன்முறை நிகழும் களங்கள் தனித்தனியே விளக்கப்பட்டமையால், எந்த அமைப்பு எதற்குப் பொறுப்பு என்று கேட்க முடிந்தது.

தமிழில் இதற்கு இணையான தொடக்கம் அ. ரேவதி தொகுத்து 2004இல் வெளிவந்த ‘உணர்வும் உருவமும்’. அரவாணிகளின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய இத்தொகுப்பை இலக்கியமாக மட்டும் காண்பது போதாது. கள ஆய்வின் மூலத்தரவாகவும் அது மதிக்கப்பட வேண்டும். சென்னையில் காவல்துறையின் தொடர் துன்புறுத்தலுக்கு ஆளாகி 2006இல் தீக்குளித்து இறந்த ஒருவரின் வழக்கில், 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 5 இலட்சம் உரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டில் அரவாணிகள் நலவாரியம் அமைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ என்னும் குறியீட்டின்கீழ் 4,87,803 பேர் எண்ணப்பட்டனர். அவர்களில் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் 43,769 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். வீட்டில் பெயர் மறுக்கப்பட்டவரையும் வீடே இல்லாதவரையும் கணக்கெடுப்பாளர் எந்தக் கட்டத்தில் எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தொகையைக் கீழ்வரம்பாகவே கொள்ள இயலும். 2014 ஏப்ரல் 15இல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது.

ஐதராபாத்துக்குத் திரும்பினால், இத்தனைக்குப் பின்னரும் 1919ஆம் ஆண்டின் சட்டம் உயிரோடிருந்தது. 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1952இல் குற்றப் பரம்பரையினர் சட்டம் நாடெங்கும் நீங்கியது. 1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவானது. 2014இல் தெலங்காணா பிரிந்தது. ஆட்சிக்கேற்பச் சட்டத்தின் முன்னொட்டு மட்டும் மாறிவந்தது. ஒடுவில் அது தெலங்காணா யூனக்குகள் சட்டம், பசலி 1329 என நின்றது. பசலி ஆண்டை யாரும் நினைவில் வைத்திராத காலத்திலும் அவ்வாண்டுக் கணக்கு சட்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் உலவுவதாகக் கைப்பேசி வழியே பரவிய வதந்தியால், ஐதராபாத்தின் சந்திராயன்குட்டாவில் திருநங்கை ஒருவர் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் சட்டம் எழுதி வைத்த அதே ஐயம் இது. அடித்தவர்களில் எவரும் அச்சட்டத்தைப் படித்திருக்கமாட்டார்கள். ஆயினும் ஒரு சமூகத்தின் பெயரோடு ‘கடத்தல்’ என்னும் சொல்லை அரசே ஒரு நூற்றாண்டுக் காலம் இணைத்து வைத்திருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு இக்கொலையை ‘வதந்தியின் விளைவு’ என்று மட்டும் பதிவு செய்வது குறைபட்ட பதிவாகும்.

அதே 2018இல், வைஜயந்தி வசந்தா மோக்லி உள்ளிட்டோர் இச்சட்டத்தை எதிர்த்து ஐதராபாத்தில் உயர் நீதிமன்றத்தை அணுகினர். அவ்வாண்டு செப்டம்பரில் சட்டத்தைச் செயல்படுத்தக் கூடாதென இடைக்கால ஆணை வந்தது. 2023 சூலையில் தலைமை நீதிபதி உஜ்ஜல் புயான், நீதிபதி சி. வி. பாஸ்கர் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு, சட்டம் அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது எனக் கூறி அதைச் செல்லாததாக்கியது. ஒரு முழுச் சமூகத்தையே குற்றவாளியாக்குகிறது என்பது அத்தீர்ப்பின் மையக் கருத்து. கல்வியிலும் அரசு வேலையிலும் இட ஒதுக்கீடு, ஆசரா ஓய்வூதியம், நலவாரியத்தின் செயற்பாடு ஆகியவை குறித்தும் அது அரசுக்குக் கட்டளையிட்டது.

வாக்குமூலத்தின் இலக்கணம்

சட்டம் நீங்கிய பின்னும் பதிவு செய்யும் மொழியின் சிக்கல் நீங்கவில்லை. உப்பல் போன்ற பகுதியில் ஒருவர் காவல் நிலையத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். அவர் உருதுவிலோ தெலுங்கிலோ பேசுவார். ரைட்டர் தெலுங்கில் எழுதுவார். ஆய்வறிக்கைக்கு அது ஆங்கிலத்தில் செல்லும். தமிழ்நாட்டின் அமைப்புகள் அதைத் தமிழில் படிக்கும். ஒவ்வொரு படியிலும் இலக்கணமே சிலவற்றை அழிக்கிறது.

உருதுவில் தன்மை ஒருமை வினையிலும் பால் காட்டப்படும். ‘மைம் ஆயா’ என்றால் சொல்பவர் ஆண். ‘மைம் ஆயீ’ என்றால் பெண். பனாரசின் ஹிந்தி பேசும் ஹிஜ்ராக்கள் இவ்விரு விகுதிகளையும் இடத்துக்கும் உறவுக்கும் ஏற்ப மாற்றிக் கையாள்வதைக் கீரா ஹால், வெரோனிகா ஓடோனவன் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அங்கு விகுதி என்பது ஒரு வகையில் தன்னறிவிப்பு. தெலுங்கின் ‘வச்சானு’, தமிழின் ‘வந்தேன்’ ஆகியவற்றில் அவ்வேறுபாடு இல்லை. எனவே, ‘ஆயீ’ எனப் பெண்ணாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரின் வாக்குமூலம் தெலுங்கில் எழுதப்பட்ட கணத்தில் அத்தன்னறிவிப்பு மறைந்துவிடுகிறது. எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மொழியின் அமைப்பு அத்தகையது. நால்சா தீர்ப்பு எதை உரிமை என்றதோ அது ஒரு விகுதிக்குள் இருந்தது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருந்தால், அடைப்புக்குள் ஒரு குறிப்பாவது இட முடியும்.

படர்க்கையில் சிக்கல் தலைகீழாகிறது. தெலுங்கின் ஒருமையில் ‘வாடு – வச்சாடு’ என்பது ஆண்பால். ‘அதி – வச்சிந்தி’ என்பது பெண்ணுக்கும் அஃறிணைக்கும் பொது. ‘ஆமெ’ என்னும் மதிப்புப் பெயருக்கும் வினை ‘வச்சிந்தி’ என்றே வரலாம். காவலர் ஒருவர் திருநங்கையைப் பார்த்து ‘அதி’ என்றார் எனப் பதிவு இருந்தால், அது பெண்ணை மதிப்பின்றிச் சுட்டியதா, மனிதரைப் பொருளாக்கியதா என்பது சொல்லால் மட்டும் தெரியாது. தமிழில் ‘அது’ என்று பெயர்த்தால் அவமதிப்பு உறுதியாகிவிடும். ‘அவள்’ என்று பெயர்த்தால் அவமதிப்பு குறைந்துவிடும். பேச்சுத் தமிழில் குழந்தையையும் நெருங்கியவரையும் அன்போடு ‘அது’ என்பது உண்டாதலால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘வாடு’ என்றிருந்தால் ஐயமில்லை. பெண்ணாக வாழ்பவரை ஆணாக்கிய வசை அது. இம்மூன்றையும் ஆங்கில அட்டவணை ‘சொல்வழித் துன்புறுத்தல்’ என்ற ஒரே கட்டத்தில் போட்டு மூடிவிடும். அறிக்கை எழுதுவோர் பலர் வசைச்சொல்லை நாகரிகம் கருதி விட்டுவிடுவதும் உண்டு. அது நாகரிகம் அன்று, சான்றை அழித்தல். சொல்லப்பட்ட சொல் சொல்லப்பட்டவாறே எழுதப்பட்டாலன்றி, எது வசை, எது அறியாமை என்று பின்னர் எவரும் பிரித்தறிய இயலாது.

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவை முன்பே எதிர்கொண்டுள்ளது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி விகுதி இல்லை எனவும், அவை உயர்திணைக்குள்ளேயே பால் பிரிந்து இசைக்கும் எனவும் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும். ஆண்பால் ஈற்றை அவை ஏலா என்றும் தனியே விதிக்கும். அதாவது, ‘வந்தான்’ என்று சொல்லற்க என்பது விதி. நன்னூல் வேறு வழியில் செல்கிறது. எதை விட்டு எதை விரும்புகிறார் என்பதைக் கொண்டு ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ கொள்ளச் சொல்லிவிட்டு, அஃறிணை போல வருதலையும் அது ஒப்புகிறது. விரும்புவதைக் கொண்டு பால் அறிதல் என்பது தற்காலச் சட்டக் கருத்துக்கு நெருக்கமாகத் தோன்றினும், அஃறிணைக்கு வழி திறந்ததும் அந்நூற்பாவே. பழம்பெருமை பேசுவதற்கு இவை உதவா. இலக்கண நூலில் உயர்திணைக்குள் இருந்தவர் வாழ்க்கையில் அவ்வாறு நடத்தப்பட்டாரா என்பது வேறு கேள்வி.

பெயரும் விதியும்

தமிழ்நாட்டில் ‘அலி’ என்னும் சொல் ‘அரவாணி’க்கும், அது ‘திருநங்கை’க்கும் இடம்விட்டது இருபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மாற்றம். கூவாகத்து அரவான் கதையோடு இணைந்த பெயரைவிடச் சமயச் சார்பற்ற பெயர் வேண்டும் எனச் சிலர் கருதினர். நலவாரியத்தின் பெயரும் பின்னர் அவ்வாறே மாறியது. ‘திருநம்பி’, இருவருக்கும் பொதுவான ‘திருநர்’, ‘ஊடுபால்’, ‘பால்புதுமையர்’ ஆகிய சொற்கள் அடுத்தடுத்து வழக்குக்கு வந்தன. 2021 சூனில் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணைக்குப்பின், ஊடகத்துக்கும் அரசுத் துறைகளுக்குமான சொல்லடைவு ஒன்று 2022இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில், இம்மக்களைத் துன்புறுத்தும் செயலில் காவலர் ஈடுபடக் கூடாதென்னும் விதி தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி எனச் சேர்க்கப்பட்டது. சொல்லடைவும் நடத்தை விதியும் ஒரே வழக்கிலிருந்து பிறந்தவை என்பதை அகராதியியலார் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. விதியை மீறியவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், அவர் சொன்ன சொல் விதிக்கு மாறானது என்று நிறுவ வேண்டும். அதற்கு மாறாத சொல் எது என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் மைய அரசுச் சட்டம் இதற்கு எதிர்நிலையில் உள்ளது. உடல்வழி, சொல்வழி, மனவழி, பாலியல்வழித் துன்புறுத்தல்கள் அனைத்தையும் அது தன் 18ஆம் பிரிவில் ஒருங்கே அடுக்கி, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான ஒரே தண்டனையை வைத்தது. பெண் மீதான பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை இருக்கும் நாட்டில் இவ்வடுக்கு பலராலும் கண்டிக்கப்பட்டது. அட்டவணையில் வகைகள் ஒன்றாகக் கலக்கப்பட்டால், சட்டத்திலும் அவை ஒன்றாகவே வந்து சேர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

2024 திசம்பரில் ஐதராபாத் நகரக் காவல்துறை 39 திருநரைப் போக்குவரத்து உதவியாளர்களாக அமர்த்தியது. பெண்ணுடையில் தெருவில் நின்றால் பிடியாணை இன்றிப் பிடிக்கலாம் என்று சட்டம் இருந்த நகரில், சாலைச் சந்திப்பில் நின்று வண்டிகளை நிறுத்துவது அவர்களின் பணியாயிற்று. புகார் எழுதும் முறையில் அத்தகைய மாற்றம் இன்னும் தேவை. வாய்மொழியாகச் சொல்லப்படும் தகவலை எழுதியபின் சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவும் அதையே விதிக்கிறது. எந்த மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்று அவ்விடத்தில் தனியே சொல்லப்படவில்லை. ‘ஆயீ’ என்று சொன்னவருக்கு ‘வச்சானு’ என்று படித்துக் காட்டப்படும்போது, அவர் மறுப்பதற்கு அதில் ஒன்றும் இராது.